விடுதிப் பாடசாலையின் சிற்றாலயம்: பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் விடுதியுள்ள கிறிஸ்தவப் பாடசாலைகளில் சிற்றாலயத்தின் அன்றாடப் பொறுப்பு பெரும்பாலும் அதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் போய்ச் சேருவதில்லை. குருவானவர் நியமிக்கப்பட்டிருந்தாலும் அவருக்கு வேறு ஆலயப் பணிகளும் வகுப்புகளும் இருக்கும். ஆகவே விடுதிப் பொறுப்பாசிரியரோ, சமய பாட ஆசிரியரோ, உயர்தர வகுப்பு மாணவத் தலைவரோ அந்தப் பொறுப்பை ஏற்க நேர்கிறது. அப்படிப் புதிதாகப் பொறுப்பேற்கும் ஒருவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

வீட்டிலிருந்து வந்து போகும் மாணவருக்குச் சிற்றாலயம் வாரத்தில் ஒரு நாள் வரிசையாகச் சென்று அமரும் இடம். அவருடைய அச்சமும் கண்ணீரும் கோபமும் வீட்டுக்குள்ளேயே தமக்குரிய மூலையைக் கண்டுகொள்கின்றன. விடுதிப் பிள்ளைக்கு அப்படி ஒரு மூலை இல்லை. காலை மணியிலிருந்து விளக்கணைக்கும் மணிவரை அந்தப் பிள்ளை பிறர் பார்வையிலேயே வாழ்கிறது. எழுந்த நேரம், கட்டில் விரிப்பின் ஒழுங்கு, பரீட்சைப் புள்ளி, மைதானத்தில் எடுத்த ஓட்டம், சாப்பாட்டு மேசையில் நடந்துகொண்ட விதம் என ஒவ்வொன்றும் யாரோ ஒருவரால் கவனிக்கப்பட்டு அளவிடப்படுகிறது. அந்த நாளுக்குள் பிள்ளையை எவரும் அளவிடாத ஓர் இடம் இருக்க வேண்டும். பாடசாலை வளவில் அந்த இடமாக இருக்கக்கூடியது சிற்றாலயமே. இங்கே சொல்லும் நடைமுறைகள் யாவும் இந்த ஒரு கருத்திலிருந்து பிறப்பவை.

கட்டடத்தை அறிமுகப்படுத்துதல்

புதிதாக விடுதிக்கு வந்த பிள்ளைகளை முதல் வாரத்திலேயே, வழிபாடு எதுவும் இல்லாத நேரத்தில், சிற்றாலயத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். எங்கே அமர்வது, எப்போது எழுவது என்ற ஒழுங்குகளை அன்று சொல்ல வேண்டாம். கட்டடத்தைச் சுற்றிக் காட்டி, அதன் கதையைச் சொல்லுங்கள். கொழும்பின் பழைய பாடசாலைகளில் அந்தக் கதைக்குக் குறைவில்லை. 1845இல் கொழும்பின் முதலாவது அங்கிலிக்கன் பேராயராக வந்த ஜேம்ஸ் சப்மன், 1851இல் முகத்துவாரத்தில் புனித தோமஸ் கல்லூரியைத் தொடங்கியபோது, கல்லூரியையும் ஆலயத்தையும் பிரிக்க முடியாத ஒன்றாகவே எண்ணினார். மாணவர்கள் வழிபட்ட அந்த ஆலயமே மறைமாவட்டத்தின் பேராலயமாகவும் விளங்கியது. 1918இல் கல்லூரி கல்கிசைக் கடலோரத்துக்கு இடம்பெயர்ந்த பிறகு, புதிய வளவில் அதற்கெனத் தனியாக, இயேசு மலைமேல் ஒளிமயமாக மாறிய நிகழ்வின் பெயரைத் தாங்கிய மறுரூபச் சிற்றாலயம் எழுந்தது. நகரத்தின் வடமுனையிலிருந்து தெற்கே போன ஒரு பாடசாலை, வகுப்பறைகளோடு வழிபாட்டிடத்தையும் புதிதாகக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதைக் கேட்கும் பிள்ளைக்கு, இந்த வளவில் அந்தக் கட்டடத்துக்கு இருக்கும் மதிப்பு தானாகவே விளங்கும்.

கல்கிசைச் சிற்றாலயத்தின் பலிபீடத்துக்குப் பின்னுள்ள சுவரில் 1968இல் ஓவியர் டேவிட் பெயின்டர் வரைந்த மறுரூபக் காட்சி இருக்கிறது. அவரே அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, தாம் படித்த கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்தில் சுவரோவியங்களை வரைந்தபோது, கிறிஸ்துவைத் தாடியில்லாத இளைஞராகவும், சுற்றியுள்ளவர்களை இந்த மண்ணின் நிறமும் சாயலும் கொண்டவர்களாகவும் தீட்டினார். இத்தகைய ஓவியமோ, சிற்பமோ, கண்ணாடிச் சாளரமோ உங்கள் சிற்றாலயத்தில் இருந்தால், அதன் பொருளை உடனே விளக்கிவிடாதீர்கள். பிள்ளைகளை அதன் முன் தரையில் அமரச் செய்து, அவர்கள் காண்பதை அவர்களே முதலில் சொல்லட்டும் என்று காத்திருங்கள். சைவப் பிள்ளையும் பௌத்தப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அந்த உரையாடலில் சமமாகப் பங்குகொள்ளலாம், ஏனெனில் கண் எல்லோருக்கும் உண்டு. பெரிய ஓவியம் எதுவும் இல்லாத எளிய சிற்றாலயமாக இருந்தாலும், சுவரில் பதித்த நினைவுப் பலகைகளில் உள்ள பெயர்களை வாசிக்கச் சொல்லுங்கள்.

பராமரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அருகே உள்ள கட்டடங்களில் உப்புக் காற்று பித்தளைக் குத்துவிளக்கையும் சிலுவையையும் விரைவில் கறுக்கச் செய்யும்; ஈரப்பதம் பாட்டுப் புத்தகங்களில் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும்; கறையான் வாங்குகளின் கால்களில் தொடங்கும். புத்தகங்களைப் பூட்டிய அலுமாரியில் அடுக்கி வைக்காமல் காற்றோட்டமான திறந்த தட்டுகளில் வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து விரித்து வையுங்கள். இந்த வேலைகளில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஒருபோதும் தண்டனையாக அல்ல. பிழை செய்த பிள்ளையைச் சிற்றாலயத்தைக் கூட்டச் சொல்வது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது; அந்த ஒரு வழக்கமே அந்தப் பிள்ளைக்கு அந்த இடத்தின் மீதுள்ள உரிமையைப் பறித்துவிடப் போதுமானது.

இரவுச் செபமே அடித்தளம்

வாரத்தில் எத்தனை வழிபாடுகள், எந்த நேரத்தில், எவ்வளவு நீளம் என்பதைப் பாடசாலையின் மரபும் திருச்சபையின் ஒழுங்கும் பெருமளவு தீர்மானித்துவிடும். கத்தோலிக்கப் பாடசாலையில் திருப்பலி மையமாக இருக்கும். அங்கிலிக்கன் பாடசாலையில் நற்கருணை ஆராதனையும் மாலை ஆராதனையும், மெதடிஸ்த பாடசாலையில் பிரசங்கமும் பாடலும் முன்நிற்கும். அவற்றை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் விடுதியின் இரவுச் செபம் உங்கள் கையில் இருக்கிறது. விடுதி வாழ்வில் மிக முக்கியமான வழிபாடு எது என்று என்னைக் கேட்டால், ஞாயிறு ஆராதனைக்கு முன்பாகவும் அதையே சொல்வேன்.

வீட்டு ஏக்கம் பகலில் பிள்ளையை நெருங்குவது குறைவு. வகுப்பும் விளையாட்டும் மாலைப் படிப்பும் முடிந்து, படுக்கைக் கூடத்துக்குப் போகும் அந்தச் சிறிய இடைவெளியிலேயே அது முழு வலிமையோடு வருகிறது. மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வந்த பதினொரு வயதுப் பிள்ளைக்கு முதல் தவணை முழுவதும் அந்த நேரமே கடினமானது. மாலைப் படிப்பு முடிந்ததும் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம், சிற்றாலயத்தில் கூடுங்கள். பழைய மடங்களின் மரபில் இரவுச் செபத்துக்கென வழங்கிவந்த சங்கீதங்கள் மூன்று: சமாதானத்தோடு படுத்து உறங்குவதைப் பேசும் 4ஆம் சங்கீதம், இரவின் அச்சத்திலிருந்து காக்கப்படுவதைப் பேசும் 91ஆம் சங்கீதம், இராக்காலத்தில் ஆலயத்தில் நிற்பவர்களை விளிக்கும் 134ஆம் சங்கீதம். கடைசியில் சொன்னது மூன்று வசனங்கள் மட்டுமே கொண்டது; சிறுவர்கள் ஒரு வாரத்துக்குள் மனப்பாடமாக்கிவிடுவார்கள். இவற்றோடு லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரத்தில் உள்ள சிமியோனின் பாட்டையும், சிறிது நேர மௌனத்தையும், பரமண்டல செபத்தையும் சேர்த்தால் போதும்.

ஒவ்வோர் இரவும் அதே சொற்களைச் சொல்லுங்கள். புதுமை வேண்டும் என்ற ஆசையில் வாரந்தோறும் ஒழுங்கை மாற்றும் இளம் ஆசிரியர்களின் நல்ல நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் களைத்துப்போன பிள்ளைக்கு இரவு ஒன்பது மணிக்குப் புதிய கருத்து தேவையில்லை, தெரிந்த சொற்களே தேவை. மனப்பாடமான சொற்கள் புத்தகமும் விளக்கும் இல்லாமல் கட்டிலுக்கும் கூட வரும். பாடசாலையை விட்டுப் போன பிறகு, வைத்தியசாலை வாசலிலும் வெளிநாட்டு அறையிலும் கூட வரும். அந்தப் பத்து நிமிடத்தில் பிரசங்கம் செய்யாதீர்கள். நாளைய நேரசூசி மாற்றம், தொலைந்துபோன சப்பாத்து, குளியலறை நேரம் ஆகியவற்றை அங்கே அறிவிக்காதீர்கள். அவற்றுக்குச் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது. வரவு பதிய வேண்டியிருந்தால் வாசலுக்கு வெளியிலேயே பதிந்து முடித்துவிடுங்கள்.

மார்ச் மாதத்துப் பெரிய கிரிக்கெட் போட்டிகள் நெருங்கும்போது வெற்றிக்காகச் செபிக்கும்படி மாணவர்கள் கேட்பார்கள். விளையாடும் இரு அணியினரும் காயமின்றித் திரும்பவும், தோற்றவர் மனம் உடையாதிருக்கவும் செபியுங்கள். போட்டி முடிவை அங்கே வேண்டிக்கொள்ளத் தொடங்கினால், எண்ணிக்கைகள் நுழையாத ஒரே இடத்திலும் அவை நுழைந்துவிடும்.

மூன்று மொழிகளும் ஒரே வாங்கில்

கொழும்பு விடுதியில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் அருகருகே உறங்குகின்றன. வழிபாடு முழுவதும் ஆங்கிலத்திலேயே நடக்குமானால், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிள்ளை நல்ல உச்சரிப்போடு பதிலளிக்கக் கற்றுக்கொள்ளும், ஆனால் மன்றாடக் கற்றுக்கொள்ளாது. மறுபக்கம், ஒவ்வொரு பகுதியையும் மூன்று மொழிகளில் திரும்பத் திரும்பச் சொல்வது வழிபாட்டைக் கூட்ட அறிக்கைபோல் நீட்டிவிடும். மொழிபெயர்ப்பைத் தவிர்த்து, பகுதிகளைப் பகிர்ந்துகொள்வதே பலனளிக்கும் வழி: முதல் வாசகம் ஒரு மொழியில், பாடல் இன்னொரு மொழியில், மன்றாட்டு மூன்றாவது மொழியில் என வைத்து, அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளுங்கள். வாசகத்தின் பொருளை மற்ற மொழியினருக்கு இரண்டு வரியில் முன்னுரையாகச் சொன்னால் போதும். பரமண்டல செபத்தை மட்டும் ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியில் ஒரே நேரத்தில் சொல்லட்டும். முதல் சில நாட்கள் குரல்கள் குழம்பும். பிறகு எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் முடிக்கப் பழகிவிடுவார்கள்.

பாடல்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டு வகைச் செல்வம் உண்டு: மேல்நாட்டு மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகளும், இராகமும் தாளமும் கொண்ட கீர்த்தனைகளும். ஓர்கன் வாசிக்கும் ஆசிரியருக்குக் கீர்த்தனை கைவராது என்பதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள். விடுதியில் மிருதங்கம் பழகும் பிள்ளை ஒன்று, பெரும்பாலும் சைவப் பிள்ளை, இருக்கும். அந்தப் பிள்ளைக்கு விருப்பமும் பெற்றோரின் சம்மதமும் இருந்தால் வாசிக்கச் சொல்லலாம். சுருதிப் பெட்டியும் மிருதங்கமும் இருந்தாலே கீர்த்தனை நிமிர்ந்து நிற்கும்.

வேதாகம வாசகத்தில் பழைய மொழிபெயர்ப்பின் நடை அழகானது, ஆனால் சிறு வகுப்புப் பிள்ளைக்குக் கடினமானது. வாசிக்கப்போகும் பிள்ளைக்கு இரண்டு நாட்கள் முன்பே பகுதியைக் கொடுத்து, வெறுமையாக இருக்கும் சிற்றாலயத்தில் ஒருமுறை உரத்து வாசிக்கச் செய்து, கடைசி வாங்கில் நீங்கள் அமர்ந்து கேளுங்கள். நமது பாடசாலைகளில் வாசகங்கள் கேட்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒலிபெருக்கி அல்ல, ஒத்திகை இல்லாததே.

மற்றச் சமயத்துப் பிள்ளைகள்

கொழும்பின் கிறிஸ்தவ விடுதிகளில் சைவ, பௌத்த, முஸ்லிம் பிள்ளைகளும் வாழ்கிறார்கள். சிற்றாலயத்தின் தரத்தை முதலில் காட்டித்தருவது அவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் முறைதான் என்று நான் நம்புகிறேன். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தை உறுதிசெய்கிறது. 14ஆம் உறுப்புரை தமது சமயத்தை வழிபாட்டிலும் அனுட்டானத்திலும் வெளிப்படுத்தும் சுதந்திரத்தைத் தருகிறது. சட்டம் இவ்வளவு சொல்லாவிட்டாலும், விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளை எழுந்து வெளியே போய்விட முடியாத நிலையில் இருக்கிறது என்பதே நம்மைக் கட்டுப்படுத்தப் போதுமான காரணம்.

இந்த விடயத்தில் தமிழ்ச் சமூகத்துக்கு நீண்ட நினைவு இருக்கிறது. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்தவர். பின்னர் அங்கேயே ஆசிரியராக இருந்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவியவர். அவரே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை விடாமலே கல்வி பெற வேண்டும் என்பது அவருடைய நோக்கம். கிறிஸ்தவப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் சைவப் பெற்றோரின் மனத்தில் இன்றும் அந்தக் கேள்வி இருக்கக்கூடும். அதை அவர்கள் கேட்பதற்கு முன் நாம் பதிலளித்துவிடுவது நல்லது.

விடுதியில் சேரும் நாளிலேயே பெற்றோரிடம் நேரில் பேசி, எந்த வழிபாடுகளில் பிள்ளை கலந்துகொள்வதை விரும்புகிறார்கள் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கலந்துகொள்ளும் பிள்ளை அமைதியாக அமர்ந்திருந்தால் போதும். முழந்தாளிடவோ, விசுவாச அறிக்கையைச் சொல்லவோ, சிலுவை அடையாளம் இடவோ தேவையில்லை என்பதை அந்தப் பிள்ளைக்கும், அதைவிட முக்கியமாக மாணவத் தலைவர்களுக்கும், தெளிவாகச் சொல்லிவையுங்கள். நற்கருணை நேரத்தில் வரிசை வரிசையாக எல்லோரையும் எழுப்பி முன்னே அனுப்பும் முறை, போகாதவர்களைத் தனியே காட்டிக்கொடுக்கும். விரும்பியவர்கள் தாமாக எழுந்து போகும்படி விட்டு, மற்றவர்கள் கலந்து அமர்ந்திருக்குமாறு இருக்கைகளை ஒழுங்குசெய்தால், யார் போகவில்லை என்பது எவருக்கும் தெரியாது.

கலந்துகொள்ளாத பிள்ளைகளை விறாந்தையில் நிறுத்தி வைப்பதும், மேலதிகப் படிப்புக்கு அனுப்புவதும் தவறு. அவர்களுக்கும் அதே நேரத்தில் ஓர் அறை வேண்டும்: சைவப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றித் தேவாரம் பாடவும், பௌத்தப் பிள்ளைகள் போயா நாட்களில் எட்டு ஒழுக்கங்களைக் காக்கும் ‘சில்’ அனுட்டானத்துக்குத் தயாராகவும், முஸ்லிம் பிள்ளைகள் தொழவும் ஏற்ற தூய்மையான அறை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போய்வரும் ஏற்பாட்டையும், நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் சஹர் உணவுக்கான ஏற்பாட்டையும் சமையலறையோடு பேசி முடித்துக் கொடுக்க வேண்டியவர் சிற்றாலயப் பொறுப்பாளரே என்று நான் கருதுகிறேன். கிறிஸ்தவ வழிபாட்டுக்குப் பொறுப்பானவர் வந்து சமையற்காரரிடம் சஹர் பற்றிப் பேசுவதைக் காணும் விடுதிக்குத் தனியாக ஓர் அறிவுரை தேவைப்படாது.

ஒன்றை மிகக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டு ஏக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தரும் ஆறுதலை மதமாற்றத்துக்கான வழியாக எவரும் பயன்படுத்தக்கூடாது. பிள்ளை தானாகவே ஆர்வம் காட்டினாலும், பெற்றோருக்குத் தெரியாமல் ஞானஸ்நானத்தைப் பற்றியோ உபதேச வகுப்பைப் பற்றியோ பேசுவது அந்தக் குடும்பம் பாடசாலையின் மீது வைத்த நம்பிக்கையை முறிப்பதாகும்.

பொறுப்புகளைப் பகிர்ந்தளித்தல்

மணி அடித்தல், மெழுகுதிரி ஏற்றுதல், மலர் வைத்தல், புத்தகம் விநியோகித்தல், வாசகம் வாசித்தல், பீடப் பணி, பாடற்குழு எனப் பல பணிகள் இருக்கின்றன. இவற்றுக்குப் புள்ளியோ, சின்னமோ, மாணவத் தலைவர் தெரிவில் முன்னுரிமையோ தராதீர்கள். பாடற்குழுவில் குரல் தேர்வு தவிர்க்க முடியாதது. ஆனால் மற்றப் பணிகளைச் சுழற்சி முறையில், பெயர் வரிசைப்படி, எல்லோருக்கும் கொடுக்கலாம். பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு மணியும் மெழுகுதிரியும் ஏற்ற பணிகள்.

டிசம்பருக்கு முன் வரும் கரோல் ஆராதனையில் இந்தக் கொள்கை சோதிக்கப்படும். ஒன்பது வாசகங்களும் கரோல்களும் கொண்ட ஒழுங்கு 1880இல் இங்கிலாந்தின் துரூரோவில் தொடங்கி, 1918இலிருந்து கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் நடந்து உலகெங்கும் பரவியது. அதன் அழகான அம்சம், வாசகர்கள் சிறியவரிலிருந்து பெரியவர் வரை படிப்படியாக வருவதே: பாடற்குழுச் சிறுவர் முதலில், தலைமைப் பொறுப்பில் உள்ளவர் கடைசியில். இதை உங்கள் விடுதிக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள். விடுதியின் மிக இளைய பிள்ளை முதல் வாசகத்தை வாசிக்கட்டும்; தொடர்ந்து உயர்தர மாணவர், மேட்ரன், சமையற்கூடத்தில் பணிபுரியும் ஒருவர், இரவுக் காவலாளி, பழைய மாணவர் ஒருவர், கடைசியில் அதிபர். சமையற்காரர் சிங்களத்தில் வாசித்தால் சிங்களத்தில் வாசிக்கட்டும். நாடகம், நடனம், பரிசு, பிரமுகர் உரை ஆகியவற்றுக்குப் பாடசாலையின் கிறிஸ்மஸ் கலைவிழாவான ஒளிவிழா இருக்கிறது. அது மண்டபத்துக்கு உரியது. இரண்டையும் ஒன்றாக்கி, சிற்றாலயத்தில் கைத்தட்டலும் ஒளிப்பதிவும் நடக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால், அதன் பிறகு அங்கே மௌனத்தை மீட்பது கடினம்.

துக்கச் செய்தி வரும்போது

விடுதியில் இருக்கும் பிள்ளையின் தாயோ தந்தையோ இறந்துவிட்ட செய்தி நடுச்சாமத்தில் தொலைபேசியில் வரும். அந்த நேரத்துக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துவைக்க வேண்டும். செய்தியைச் சொல்பவர் பிள்ளைக்கு மிகப் பழக்கமான பெரியவராக இருக்கட்டும். சிற்றாலயத்துக்கு அழைத்துச் சென்று சொல்லாதீர்கள், ஏனெனில் அந்த இடமே பிறகு அச்சத்துக்குரியதாகிவிடும். ஓர் அமைதியான அறையில், சுற்றி வளைக்காமல், தெளிவான சொற்களில் சொல்லுங்கள். "சுகமில்லை, உடனே வரச் சொன்னார்கள்" என்று பொய் சொல்லி வாகனத்தில் ஏற்றுவது நம்மிடையே பரவலாக இருக்கும் வழக்கம். அன்பினால் செய்யப்பட்டாலும், வீட்டு வாசலில் பந்தலையும் வெள்ளைக் கொடியையும் கண்டு உண்மையை அறிய நேர்வது பிள்ளைக்கு இழைக்கப்படும் இரட்டைத் துன்பம். பிள்ளை புறப்பட்ட பின், மறுநாள் இரவுச் செபத்தில் இறந்தவரின் பெயரைச் சொல்லி விடுதி முழுவதும் மன்றாடட்டும். பிள்ளை திரும்பி வரும் நாளிலும், 31ஆம் நாளிலும், ஆண்டு நினைவு நாளிலும் அந்தப் பெயரை மீண்டும் சொல்லும்படி சிற்றாலய நாட்குறிப்பில் எழுதிவையுங்கள். சைவப் பிள்ளையின் வீட்டு மரணமானாலும், குடும்பத்துக்கு மறுப்பில்லையெனில், பெயரைச் சொல்லி மௌனமாக நிற்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

நாடே துயருறும் நாட்களும் வருகின்றன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், கட்டுவப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் நடந்த குண்டுத் தாக்குதல்களுக்குப் பின், வழிபாட்டிடத்துக்குள் போவதே பல பிள்ளைகளுக்கு அச்சமாயிற்று. முஸ்லிம் பிள்ளைகள் தம் நண்பர்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தயங்கினார்கள். இத்தகைய நாட்களில் சிற்றாலயம் செய்ய வேண்டியது, இறந்தவர்களை நினைவுகூரும் அதே வேளையில், விடுதிக்குள் எந்தப் பிள்ளையும் தன் சமயத்துக்காகவோ மொழிக்காகவோ குற்றவாளியாக உணராதபடி பார்த்துக்கொள்வது. போரில் இறந்தவர்களை மே மாதத்தில் நினைவுகூரும்போதும் இதுவே விதி. தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கிறார்கள். இருவருடைய வீட்டிலும் இறந்தவர்கள் இருக்கக்கூடும். ஒரு பக்கத்தின் இழப்பை மட்டும் சொல்லும் மன்றாட்டை எவரும் அங்கே வாசிக்க வேண்டாம்.

திறந்த கதவும் பாதுகாப்பும்

சிற்றாலயத்தின் கதவு வழிபாட்டு நேரங்களுக்கு வெளியேயும் திறந்திருக்க வேண்டும். குறைந்தது பாடசாலை விட்டதிலிருந்து மாலைப் படிப்பு தொடங்கும் வரையாவது. 2019க்குப் பின் பல பாடசாலைகள் வாயில்களை இறுக்கியிருப்பது நியாயமானதே. அந்தக் காவல் வளவின் வெளிவாயிலில் இருக்கட்டும். உள்ளே இருக்கும் பிள்ளைக்குச் சிற்றாலயம் பூட்டப்படாதிருக்கட்டும். அங்கே தனியாக அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் சென்று காரணம் கேட்காதீர்கள். அடிக்கடி நீண்ட நேரம் அமர்ந்திருந்தால், பிறகு வேறோர் இடத்தில், சாதாரணப் பேச்சின் ஊடாக விசாரியுங்கள்.

சிற்றாலயக் குரு ஒழுக்காற்றுக் குழுவில் உறுப்பினராக இருக்கக்கூடாது. தண்டனை தீர்மானிப்பவரிடம் எந்தப் பிள்ளையும் மனம்விட்டுப் பேசாது. அவர் பிள்ளைகளைச் சந்திக்கும் அறைக்குக் கண்ணாடி பொருத்திய கதவோ திறந்த கதவோ இருக்க வேண்டும். இது பிள்ளையையும் அவரையும் ஒருங்கே காக்கும். உரையாடலில் சொல்லப்படுவது இரகசியமாகக் காக்கப்படும் என்பதோடு, ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் அதை மறைத்து வைக்க முடியாது என்பதையும் ஆண்டின் தொடக்கத்திலேயே எல்லோர் முன்னும் சொல்லிவிடுங்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை, பிள்ளைகள் காணும் உயரத்தில், மூன்று மொழிகளிலும் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டிவையுங்கள். துன்புறுத்துபவர் ஆலயப் பணியாளராகவே இருந்தாலும் இந்த இலக்கம் பொருந்தும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பாடசாலையின் நற்பெயருக்காக மூடி மறைக்கப்படும் ஒரு குற்றம், சிற்றாலயம் சொல்லும் ஒவ்வொரு செபத்தையும் பொய்யாக்கிவிடும்.

வார இறுதியும் தவணை முடிவும்

நீண்ட வார இறுதிகளில் கொழும்பிலும் அண்டிய ஊர்களிலும் வீடு உள்ள பிள்ளைகள் போய்விடுவார்கள். தூரத்துப் பிள்ளைகள் சிலரே எஞ்சுவார்கள். அந்த நாட்களில் சிற்றாலயத்தை மூடிவிடாதீர்கள். சிலர் மட்டும் இருக்கும்போது பலிபீடத்துக்கு அருகே வட்டமாக அமர்ந்து, அவரவர் ஊரைப் பற்றிச் சொல்லி, அந்த ஊருக்காக மன்றாடலாம். ஞாயிறன்று தமிழ் ஆராதனை நடக்கும் அருகிலுள்ள ஆலயத்துக்கு அழைத்துச் செல்லலாம். பெரியவர்களும் குழந்தைகளும் பாட்டிமாரும் கலந்த ஒரு சபையில் அமர்வது, ஒத்த வயதினர் மட்டுமே உள்ள விடுதியில் வாழும் பிள்ளைக்கு மிகத் தேவையான ஒன்று.

ஒவ்வொரு தவணை முடிவிலும், வெவ்வேறு வகுப்புகளையும் சமயங்களையும் மொழிகளையும் சேர்ந்த ஐந்தாறு பிள்ளைகளை அழைத்து, மாணவத் தலைவர்கள் இல்லாத வேளையில், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்தத் தவணையில் சிற்றாலயத்தில் எப்போது சங்கடப்பட்டீர்கள், எந்தப் பாட்டை அல்லது செபத்தை மனப்பாடமாகச் சொல்வீர்கள், யாரும் அழைக்காமல் எப்போதாவது அங்கே போனீர்களா. பதில்களை எழுதிக்கொண்டு, அவற்றிலிருந்து ஒரே ஒரு மாற்றத்தை அடுத்த தவணையில் செய்து, அந்த மாற்றம் அவர்களுடைய சொல்லால் வந்தது என்பதை அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியப்படுத்துங்கள்.